வணிகத் தலைமைக்கு அமானிதமே அழகு



தொழிலதிபர் ஒருவரை உருவாக்குவது முதலீடு மட்டுமன்று. அவர் யாரை முன்மாதிரியாகக் கொள்கிறார் என்பதும்தான். 1927இல் கீழக்கரையில் பிறந்த மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள், தாம் நிறுவிய அறக்கட்டளைக்குத் தம் ஊரின் வணிக வள்ளல் சீதக்காதியின் பெயரையே சூட்டினார்கள். 1984இல் வண்டலூரில் கிரசெண்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வணிகரின் ஈகை, நம் காலத்து வணிகர் ஒருவரிடம் கல்விப் பணியாக மலர்ந்தது.

ஆயினும், ஈகை இலாபம் வந்தபின் செய்வது. இலாபம் வருமுன்னரே காக்க வேண்டியது அமானிதம்.

நபித்துவத்திற்கு முன்பே 'அல்அமீன்' எனப் போற்றப்பட்டவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஒருமுறை ஒரு தானியக் குவியலுக்குள் அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என நபிகளார் வினவினார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம்.

கடலூர்–சிதம்பரம் சாலையிலுள்ள நம் சிப்காட் தொழிற்பேட்டையில் இரசாயனம், மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகள் இயங்குகின்றன. இங்கே மறைக்கப்படக்கூடிய ஈரம் எது? தேய்ந்த வால்வு, பழுதான அழுத்தமானி, உப்பனாற்றை நோக்கிக் கசியும் கழிவுநீர் ஆகியவையே. 2021 மே 13 அன்று இத்தொழிற்பேட்டையின் ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிர்நீத்ததை நாம் மறக்கலாகாது. எந்த விபத்தாயினும், ஆராய்ந்து காரணம் கூறுவது அதிகாரிகளின் பணி. விழிப்புடன் இருப்பது நம் கடமை.

ஆலைகளில் பொறுப்பு வகிக்கும் சகோதரர்களே! ஷிப்ட் முடியும்போது உற்பத்தி எத்தனை டன் என்று கேட்குமுன், இன்று எது பழுது என்று கேளுங்கள். பழுதை எடுத்துச் சொல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிக்கும் வேலைக்கும் கேடு வாராது என்று உறுதி கூறுங்கள். அச்சமின்றி உண்மை சொல்ல இடமளிப்பவரே தலைவர். இயந்திரத்தை நிறுத்தினால் ஒருநாள் இலாபம் குறையும். பழுதை மறைத்தால் ஒரு குடும்பமே ஆதரவின்றி நிற்கும். அத்தகைய வருவாயிலிருந்து அள்ளிக் கொடுத்தாலும் போன உயிர் மீளாது.

ஈரத்தை மேலே வைக்கும் துணிவையும், ஹலாலான வருவாயில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.