பழைய போர்டு காரின் முன்பக்க ஆட்டம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கு வழிகாட்டும் பொறுப்பைத் தண்டவாளமே ஏற்றுக்கொள்கிறது. சாலையில் ஓடும் மோட்டார் வண்டிக்கோ அப்பொறுப்பு ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. அவர் கைக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே உள்ள சில இரும்புத் துண்டுகளே அவருடைய உயிருக்கும், எதிரே நடந்து வருவோரின் உயிருக்கும் காவல். அவற்றில் கோளாறு நேர்ந்தால் அதை எம்முறையில் தேடிக் காண்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் குடிபுகுந்து வாழும் கொல்கத்தா நகரத்திற்கும் பழைய கார்களுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1968-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழங்கார் ஓட்டத்தைச் சாலையோரம் நின்று கண்டு களித்தவர்கள் நம்மில் பலர். அத்தகைய கார்களுள் ஒன்றை மட்டும் உதாரணமாகக் கொள்கிறேன். அது போர்டு மாடல் ஏ. 1927 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த இவ்வண்டி, 1932-இல் புதிய மாடல்கள் அதன் இடத்தைப் பிடிப்பதற்குள் ஏறக்குறைய 48 இலட்சம் எண்ணிக்கையில் செய்யப்பட்டது.

இதன் முன்பக்க அமைப்பு எளியது. இரு சக்கரங்களுக்கும் இடையே ஒரே இரும்பு ஆக்ஸில். அதன் மேல் குறுக்கே ஒரு பட்டை வில். ஆக்ஸிலின் இரு முனைகளிலும் கிங் பின் என்னும் செங்குத்தான அச்சு இருக்கிறது. சக்கரம் அதைச் சுற்றித் திரும்புகிறது. இரு சக்கரங்களையும் டை ராட் இணைக்கிறது. ஸ்டீயரிங் பெட்டியின் கையிலிருந்து ஒரு பக்கச் சக்கரத்திற்கு டிராக் லிங்க் செல்கிறது. ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராதபடி, கவைக்கொம்பு போன்ற ரேடியஸ் ராட் அதைப் பிடித்துக்கொண்டு, என்ஜினின் பின்புறத்தின் கீழே ஒரு குண்டு மூட்டில் அமர்கிறது.

இவ்வண்டியை வைத்திருப்போர் கூறும் குறைகள் மூன்று. ஸ்டீயரிங் சக்கரத்தைச் சிறிது திருப்பினாலும் வண்டி திரும்புவதில்லை என்பது ஒன்று. குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் வெடவெடவென்று ஆடுகின்றன என்பது இரண்டு. பட்டறைகளில் இதனை வாப்லிங் என்பார்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்பது மூன்று.

இக்குறைகளைக் கேட்டவுடனே ஸ்டீயரிங் பெட்டியின் திருகை இறுக்குவது பலருடைய வழக்கம். இது முற்றிலும் தவறான வழி. பெட்டிக்குள் உள்ள பற்கள், வண்டி நேராகச் செல்லும் நிலையிலேயே மிகுதியாகத் தேய்கின்றன. அந்த நடுநிலையில் ஆட்டம் தீரும்வரை இறுக்கினால், வளைவில் தேயாத பற்கள் வந்து சேரும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். வேறு சிலர் சக்கர நடுக்கத்தை அடக்க ஒரு டாம்பரை மாட்டிவிடுகிறார்கள். நடுக்கம் மறைகிறது, தேய்மானம் மறைவதில்லை. எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே பொருந்தும். ஒவ்வொரு மூட்டிலும் நூலளவே தேய்மானம் இருக்கலாம். அவை அனைத்தும் கூடி ஓட்டுபவரின் கையில் ஓர் அங்குலமாகத் தெரிகின்றன. ஆகவே தரையில் தொடங்கி, மேல்நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தேடவேண்டும்.

முதலில் டயர். இரு பக்கமும் காற்று ஒரே அளவாக இருக்கிறதா? இவ்வண்டிக்கு 35 பவுண்டு என்பது கம்பெனி சொன்ன அளவு. சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா? நட்டுகள் இறுகியுள்ளனவா? செலவில்லாத இச்சோதனையிலேயே பல குறைகள் தீர்ந்துவிடும்.

அடுத்து, ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ வண்டியின் கீழ் செல்லாதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஆடுவது பேரிங்கா, கிங் பின்னா? ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங்கைச் சரிசெய்ய வேண்டும். நிற்காவிட்டால் கிங் பின்னோ அதன் புஷ்களோ தேய்ந்துள்ளன. புதிய புஷ் போடும்போது மேலும் கீழும் உள்ள இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டுக் கடைய வேண்டும். இல்லையேல் ஸ்டீயரிங் கடினமாகிவிடும். ஆக்ஸிலின் கண்ணிலேயே பின் ஆடுமானால் புஷ் மாற்றிப் பயனில்லை.

பின்பு வண்டியைத் தரையில் இறக்குங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டங்குலம் இப்படியும் அப்படியும் அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். எந்த மூட்டில் அசைவு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரவில்லையோ, அதுவே நாம் தேடும் மூட்டு. டை ராட்டிலும் டிராக் லிங்கிலும் உள்ள குண்டுகளைக் கழற்றிக் காலிப்பரால் இரு திசையிலும் அளக்க வேண்டும். முட்டை வடிவாகத் தேய்ந்த குண்டை இறுக்கிப் பயனில்லை. நேரே செல்லும்போது சரியாகத் தோன்றி, திரும்பும்போது இறுகிக்கொள்ளும். மிகத் தேய்ந்த குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வருமாயின், ஸ்டீயரிங் சக்கரம் கையில் இருக்கும். வண்டி கைவசம் இராது. இவ்வேலையில் பழைய காட்டர் பின்னை மீண்டும் போடுவது கூடாது.

இழுக்கும் குறை இருந்தால் ரேடியஸ் ராட்டின் குண்டைப் பாருங்கள். அது தளர்ந்தால், பிரேக் போடும்போது ஆக்ஸிலே நகர்ந்து கொடுக்கும். கிங் பின்னின் தலை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இவ்வண்டிக்கு 5 டிகிரி. ஆக்ஸில் முறுகி ஒரு பக்கம் அச்சாய்வு குறைந்தாலும் வண்டி இழுக்கும்.

தேய்ந்தவை மாற்றப்பட்ட பின்னரே சக்கரங்களின் நேரை அளக்க வேண்டும். டயரில் சாக்குக்கட்டி பூசி, சக்கரத்தைச் சுற்றி ஆணியால் நடுவே ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். வண்டியை இறக்கிச் சில அடி முன்னே தள்ளி, அச்சின் உயரத்தில் இரு கோடுகளின் இடைவெளியை முன்னும் பின்னும் அளவுங்கள். முன்பக்கம் 1/16 அங்குலம் குறைந்திருப்பது முறை. இத்தனைக்கும் பிறகு எஞ்சும் ஆட்டத்திற்கே ஸ்டீயரிங் பெட்டியைத் திறக்கலாம். அதில் கிரீஸை அடைக்காமல், அதற்குரிய கெட்டி எண்ணெயை ஊற்றுங்கள். மற்ற மூட்டுகளுக்கு 500 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்துவந்தால் இவ்வளவு தேடலுக்கும் தேவை குறையும்.

நண்பர்களே, இம்முறையில் ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்றிப் பாருங்கள். பத்துப் பாகங்களை ஒரே நாளில் மாற்றியவருக்கு எது குற்றம் என்பது தெரியாது. பணம் போனது மட்டும் தெரியும். 90 ஆண்டுகள் கடந்த வண்டியில் நல்ல பாகத்தைக் கழற்றி எறிவது எளிது. அதைப்போல் மற்றொன்று கிடைப்பது அரிது. மேலும், அவ்வண்டியில் பெருமையோடு ஏறி அமர்வோர் நம் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளுமே. பளபளக்கும் வர்ணத்தைப் பின்னர்ப் பூசிக்கொள்ளலாம். முன்பக்க ஆட்டத்தை முதலில் தீருங்கள்.