ஒருமுறை இறக்கினால் எல்லாக் கணினிக்கும்



அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இத்தகைய கணினிகளில் பழைய மென்பொருள் தொகுப்புகளை அப்படியே விடக்கூடாது. 2014இல் 'ஷெல்ஷாக்' என்ற ஓட்டை பாஷ் ஷெல்லிலேயே வெளிப்பட்டது. அதற்கான திருத்தமும் தொகுப்புப் புதுப்பிப்பாகவே வந்தது.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இணையம் மெதுவாகக் கிடைக்கும் பள்ளிகளில் பத்துக் கணினிகளும் தனித்தனியே இறக்கினால் பாடவேளைகள் வீணாகும். அதற்கு வழி ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட்.

அதில் 'ஆப்ட்-கெட் அப்டேட்' புதிய பட்டியலை வாங்கும். 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' தொகுப்புகளைப் புதுப்பிக்கும். இரண்டுக்கும் நடுவே இரட்டை 'அண்ட்' குறி இடுங்கள்; முதலாவது தவறினால் அடுத்தது ஓடாது. இறங்கிய கோப்புகள் ஆப்ட்டின் கேச் கோப்புறையில் இருக்கும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்து, அதே பதிப்புள்ள மற்றக் கணினிகளின் அதே கோப்புறையில் இட்டபின் ஸ்கிரிப்டை ஓட்டினால், பட்டியல் மட்டுமே மீண்டும் இறங்கும்.

நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். 'டிபிகேஜி' கட்டளையின் 'கன்ஃபிகர்' வசதி, பாதியில் நின்ற தொகுப்புகளை அமைத்து முடிக்கும்.

முதலில் ஒரு கணினியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். செய்முறைத் தேர்வு வாரத்தில் வேண்டாம். ஸ்கிரிப்டை மாணவர்களே எழுதட்டும். நிர்வாகிக் கடவுச்சொல் மட்டும் நம்மிடம் இருக்கட்டும்.