இழந்தது இளமையா, பறம்பா?

(நாமக்கல் வட்டாரத் தமிழன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘குமுகாயம் சீரழிகின்றதா?’ என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. தலைவர் இதனைப் படித்தவுடனே அவையிற் பாதிப்பேர் தலையசைத்ததைக் கண்டேன். ‘இதிலென்ன ஐயம்? சீரழிந்தே போயிற்று’ என்பது அத்தலையசைப்பின் பொருள். யானும் சென்ற ஆண்டுவரை அவ்வாறு தலையசைத்தவனே. அதனை மறைக்காமற் சொல்லித் தொடங்குவதே முறை.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்தம் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி ஒற்றுப்பிழை. லகர ளகர வேறுபாடு தெரியவில்லை. ஒருமை பன்மை மயக்கம். சினம் மேலிட்டு, “நான் படித்த காலத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்கூட இப்படிப் பிழைபட எழுதியதில்லை. தமிழே அழிந்து வருகின்றது” என்று வகுப்பிற் கூறினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, உங்களோடு ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புவரை வந்தார்கள்?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

அன்றிரவு ஒரு தாளை எடுத்து, நினைவுக்கு வந்த பெயர்களையெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்தவர் ஏறத்தாழ நாற்பத்தைவர். பத்தாம் வகுப்பை எட்டியவர் பதினொருவர். அவருட் பெண்பிள்ளைகள் இருவர். ஊர்க்கோடித் தெருவிலிருந்து வந்த பிள்ளைகளுள் ஒருவர்கூட இலர். எஞ்சியோர் எங்குப் போயினர்? சிலர் தறிக்குழியில் இறங்கினர். சிலர் ஆடுமாடு மேய்க்கப் போயினர். சிலர் பெற்றோர் பட்ட கடனுக்காகப் பண்ணையில் விடப்பெற்றனர். எங்கள் வகுப்பிலேயே பாட்டைக் கேட்ட அளவில் ஒப்புவிக்க வல்லவன் ஒருவன் இருந்தான். நான்காம் வகுப்போடு தறிக்குப் போனான். இன்றும் தன் வீட்டு முகவரியை எழுதப் பிறர் கையை எதிர்பார்க்கின்றான்.

ஆகவே, ‘அக்காலத்து மாணவர் பிழையின்றி எழுதினர்’ என்று யான் சொன்னது சல்லடையில் தங்கிய பதினொருவரைப் பற்றிய பேச்சு. கீழே விழுந்த முப்பத்து நால்வர் பிழையாகவும் எழுதவில்லை; எழுதவே இல்லை. இன்று என் வகுப்பிற் பிழையோடு எழுதும் பிள்ளைகளிற் பலர், அன்று கீழே விழுந்தவர்களின் பிள்ளைகளும் பெயரப் பிள்ளைகளுமே! இதனைச் சீரழிவு என்று எந்த வாயாற் சொல்வேன்?

பெரியோர்களே, பழங்காலத்தை எண்ணி ஏங்குதல் நமக்குப் புதிதன்று. புறநானூற்றிலேயே அதற்கு இரண்டு பாடல்கள் உள்ளன. ஒன்று தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243-ஆம் பாடல். கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர், இளமையில் மருதமரக் கிளையேறி மடுவிற் பாய்ந்து மணலை அள்ளி வந்ததை நினைந்து இரங்குகின்றார். மற்றொன்று பாரிமகளிர் பாடிய 112-ஆம் பாடல். சென்ற திங்களின் முழுநிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் தம்மிடம் இருந்தது; இத்திங்களின் முழுநிலவில் இரண்டும் இல்லை என்று அப்பெண்கள் கலங்குகின்றனர்.

இரண்டும் இழப்புப் பாடல்களே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முதியவர் இழந்தது தம் இளமை. மடு அங்கேயே உள்ளது. வேறு சிறுவர் அதிற் பாய்ந்துகொண்டிருப்பர். அம்முதியவரும் ‘மடு கெட்டது, இக்காலச் சிறுவர் கெட்டனர்’ என்று பழிக்கவில்லை. தம் இளமை எங்கே என்று மட்டுமே கேட்கின்றார். பாரிமகளிர் இழந்ததோ பறம்பு. அது மெய்யான இழப்பு. கவர்ந்தவர் உண்டு, கவர்ந்த நாள் உண்டு, கவரப்பெற்ற பொருளும் உண்டு.

எனவே, ‘அந்தக்காலம் போல் வருமா?’ என்று நாம் பெருமூச்சு விடும்போதெல்லாம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: நாம் இழந்தது இளமையா, பறம்பா? இளமையை இழந்துவிட்டு உலகம் கெட்டது என்றல் பொய். பறம்பை இழந்துவிட்டு ‘எல்லாம் முதியோர் புலம்பல்’ என்று தள்ளுதல் அதனினும் பெரிய பொய்.

இவ்வுரைகல்லில் நம் சேலம், நாமக்கல் மண்ணையே உரைத்துப் பார்ப்போம்.

‘முன்னோர் வயிறார உண்டு நோயின்றி வாழ்ந்தனர்’ என்கின்றோம். 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அன்றைய சேலம் மாவட்டத்து மக்கள்தொகை 19 இலக்கத்து 66 ஆயிரத்திற்கு மேல். 1881-இல் அது 16 இலக்கத்திற்கும் சற்றுக் குறைவு. பத்தாண்டில் மூன்றரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் குறைந்தனர். இடையில் நேர்ந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது ஆண்டுப் பெரும்பஞ்சம். மாண்டவர் பலர், இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற நாடுகளுக்கும் கூலிகளாய்ப் போனவர் பலர். வயிறார உண்ட முன்னோரின் வழிவந்தோர் சிலர் இருக்கலாம். பசித்து மாண்டோரிற் பலர்க்கு வழிவந்தோர் இலர். ஆதலின் அவர் கதையைச் சொல்ல ஒருவரும் இலர். பழங்காலம் இனிமையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு கரணியம்.

‘அக்காலத்தில் யார் குடித்தார்?’ என்கின்றோம். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகக் கள், சாராய விலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். இராசாசி முதலமைச்சராயிருந்தபோது, 1937 அத்தோபர் முதல் நாள் அது தொடங்கியது. யாரும் குடிக்காத மாவட்டத்தில் விலக்குச் சட்டம் எதற்கு? சட்டமே சான்று கூறுகின்றது.

‘பெண்ணைத் தெய்வமாகப் போற்றினோம்’ என்று மேடைதோறும் முழங்குகின்றோம். 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது நம் சேலத்தில். பெண்மகவை நெல்மணியும் கள்ளிப்பாலும் கொண்டு கொல்லும் கொடுமையிலிருந்து காக்க அத்தொட்டில் வைக்கப்பெற்றது. 2001 குடிமதிப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு அகவைக்குட்பட்ட ஆண்குழந்தைகள் 1,000 பேர்க்குப் பெண்குழந்தைகள் 851 பேரே. 2011-இல்தான் அவ்வெண் 900-ஐக் கடந்தது. இது நூறாண்டுக்கு முந்தைய செய்தியன்று. இவ்வவையில் நரைத்த தலையோடு அமர்ந்திருக்கும் நாமெல்லாம் இளைஞராயிருந்த காலத்துச் செய்தி. ‘எங்கள் இளமைக்காலம் பொற்காலம்’ என்று சொல்லும் நாக்குச் சற்றே தயங்குதல் வேண்டும். தேநீர்க்கடையில் ஒரு சாரார்க்குத் தனிக்குவளை தொங்கியதும் அதே பொற்காலத்தில்தானே!

இனி, நம் உயிரனைய மொழிக்கு வருவோம். இங்குத்தான் நம் இயக்கத்தார் மிகுதியும் தவறுகின்றோம். ‘நம் பாட்டன் காலத்தில் தமிழ் தூய்மையாக இருந்தது, இன்று கெட்டது’ என்கின்றோம். பாட்டன் திருமணத்திற்கு அச்சிட்ட அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். அது அழைப்பிதழன்று, ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’. அன்றைய கூட்டத்திற்குத் தலைவர் இல்லை, ‘அக்கிராசனர்’ இருந்தார். செயலாளர் இல்லை, ‘காரியதரிசி’ இருந்தார். தேர்தலில் வேட்பாளர் நிற்கவில்லை, ‘அபேட்சகர்’ நின்றார். பல்கலைக்கழகம் ‘சர்வகலாசாலை’; ஆசிரியர் ‘உபாத்தியாயர்’; சொற்பொழிவு ‘பிரசங்கம்’; வணக்கம் ‘நமஸ்காரம்’. இன்று அச்சொற்களைச் சொன்னால் என் மாணவர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு நம் முன்னோடிகள் ஈட்டித் தந்த வெற்றி. நம் வெற்றியை நாமே மறந்து, வெற்றிக்கு முந்தைய காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவது எத்துணை நகைப்பிற்குரியது!

அன்று தமிழ் கற்பித்தவர் நிலையும் அவ்வாறே. பிற பாட ஆசிரியரினும் அவர்க்கு ஊதியம் குறைவு. தலைமையாசிரியர் ஆகும் வாய்ப்பும் இல்லை. ஏளனச் சிரிப்புக்கு இலக்காகவே தமிழ்ப்புலவர் பள்ளிக்குள் நுழைந்தார். அந்நாளுக்கா நாம் திரும்ப விரும்புகின்றோம்?

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, ‘அந்தக்காலம் போயிற்றே’ என்று அழுதுகொண்டிருக்கவில்லை. வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்டு, தம்மிலிருந்தே தொடங்கினார். பாவாணர் 1944 முதல் 1956 வரை நம் சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். சேலம் மாவட்டத்திற் பிறந்த பெருஞ்சித்திரனார் அங்குத்தான் அவரிடம் பயின்றார். 1959-இல் ‘தென்மொழி’யைத் தொடங்கினார். பாவாணர் ஒரு சொல்லைத் தமிழ் என்று நிறுவ வேர் காட்டினார், கிளை காட்டினார், சான்று காட்டினார். ஒரு சொல்லுக்கே அத்துணைச் சான்று தேடிய மரபில் வந்த நாம், ஒரு நூற்றாண்டையே சான்றின்றிப் பொற்காலம் எனலாமா?

அவ்வாறாயின் குமுகாயத்தில் இழப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பறம்புகளையும் இழந்திருக்கின்றோம். அவற்றைப் பெயர் சுட்டிச் சொல்லல் வேண்டும்.

சேர்வராயன் மலையிற் பிறந்து, சேலம் நகரினூடே ஓடி, நாமக்கல் மாவட்டத்திற்குள் வருகின்ற திருமணிமுத்தாறு இன்று நகர்க்கழிவும் சாயக்கழிவும் சுமந்து கறுத்து ஓடுகின்றது. இது முதியோர் கண்மயக்கமன்று. கரையில் நின்றால் மூக்கே சான்று சொல்லும். கவலை கட்டி எருதுகளைக் கொண்டு நீரிறைத்த கிணறுகள் பல இன்று வறண்ட குழிகள். இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறியுந்துகள் நம் திருச்செங்கோட்டிலிருந்தே போகின்றன. அத்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிடுகின்றது. ஆனால் நம் மண்ணின் நீரோ நூற்றுக்கணக்கான அடி கீழே போயிற்று.

ஓரி ஆண்ட கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளிற் பலவற்றை மரவள்ளி பிடித்துக்கொண்டது. சவ்வரிசி ஆலைகள் அக்கிழங்குக்குப் பணம் தருகின்றன. சாமைக்கு யாரும் தருவதில்லை. மலைமக்களைக் குறைகூற இயலாது. ஆயினும் கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, மல்லியச் சாமை என ஒவ்வொரு வகைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்கள் பயிரோடு மறைகின்றன. கவலை போனபோது அதன் உறுப்புகளின் பெயர்கள் போயின. எந்த அகரமுதலியும் முழுதும் தொகுக்காத தனித்தமிழ்ச் சொற்கள் அவை.

மற்றொரு பறம்பு பள்ளியில் உள்ளது. நம் நாமக்கல் மாவட்டம் விடுதிப் பள்ளிகளால் தமிழகமெங்கும் பெயர்பெற்றது. மதிப்பெண் வேட்டையில் வென்றோம். ஆங்கில வழியே வழி என்னும் எண்ணத்தையும் விதைத்தோம். பத்தாம் வகுப்புவரை தமிழை ஒரு பாடமாகவேனும் அனைவரும் படித்தல் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2006-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குடியிலும் அவ்வாறே. 1983-இல் தொடங்கப்பெற்ற அரசின் வாணிகக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. முன்னோரும் குடித்தனர், ஆனால் குடிவிலக்கு முதன்முதல் வந்த மாவட்டத்தில் அரசே கடை வைத்து விற்பது மெய்யான வீழ்ச்சி.

அன்பர்களே, இளமையை இழந்த வருத்தத்தையும் பறம்பை இழந்த வருத்தத்தையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதாற் கேடு இரண்டு. இளையோர் நம் பேச்சு முழுவதையும் முதுமைப் புலம்பல் என்று தள்ளிவிடுகின்றனர். அதனோடு திருமணிமுத்தாறும் தள்ளப்படுகின்றது. மற்றொன்று, பழங்காலம் முழுவதும் பொன் என்று போற்றினால், பழைய சாதிக்கட்டும் பழைய பெண்ணடிமையும் பொன்னோடு பொன்னாக உள்ளே வந்துவிடும். அவற்றை மீட்க விரும்புவோர் நம் மேடையையே பயன்படுத்திக்கொள்வர். தமிழ்த்தூய்மை பேசும் இயக்கம் அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது.

ஆதலின் உங்களை ஒன்று வேண்டுகின்றேன். பொதுவாகப் புலம்பாதீர்கள். எது இழந்தது, எப்போது இழந்தது, யாரால் இழந்தது, மீட்க வழியென்ன என்று நான்கும் சொல்லுங்கள். சொல்ல இயலாவிடின், இழந்தது இளமை என்று தெளிந்து அமைதி கொள்ளுங்கள். இங்குள்ள மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் உழவு, தறி, கிணறு பற்றிய பத்துச் சொற்களையேனும் கேட்டு எழுதி வாருங்கள். முதியோரே, அச்சொற்களைக் கொடுக்கும்போது அக்காலத்துப் பசியையும் தனிக்குவளையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு மறுநாள் வகுப்பிலேயே விடை கூறினேன். நாற்பத்தைவரில் பதினொருவர் என்று கரும்பலகையில் எழுதினேன். முதல்நாள் சொன்னது தவறு என்றும் சொன்னேன். பிறகு எழுதுகோலை எடுத்து, லகர ளகரப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினேன். அவர்கள் ஏட்டிற் பிழைகள் இன்னும் உள்ளன, முன்னினும் குறைந்துள்ளன.

 வெல்க தமிழ்!