கேள்விப் பெட்டிக்கு முன்னும் பின்னும்



வெள்ளவத்தையில் தமிழ்க் கூட்டம் என்றால் பெரும்பாலும் நூல் வெளியீடு, இல்லையேல் நினைவுப் பேருரை. அரசாங்கம் எப்படிச் சாமான் வாங்குகிறது என்று ஒரு பகல் முழுக்கத் தமிழில் பேசப்போகிறோம் என்றதும் சில நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாடசாலைக் கதிரையும் ஆஸ்பத்திரி ஊசியும் வீதித் தாரும் இந்த வழியால்தான் வருகின்றன.

இந்த வழியின், அதாவது அரச பெறுகையின், விதிகள் வந்த பாதையை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 இல் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணத்துக்கு வலுக்கொடுத்தது. பெறுகை வழிகாட்டல்கள் வந்ததும் அதே ஆண்டுதான். 2015 இல் 19ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உருவாக்கியது. 2020 இல் 20ஆவது திருத்தம் அதை இல்லாமற் செய்தது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. ஆணைக்குழு இல்லாத அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அதனால்தான் இது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காவலாளியை அனுப்பிவிட்ட காலத்துக் கணக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் புதிய வழிகாட்டல்கள் நடைமுறையில் உள்ளன. நிதி அமைச்சின் ‘புரொமிஸ்’ என்ற மின் பெறுகைத் தளமும் இருக்கிறது.

கணினி நன்றாகச் செய்யும் வேலை எது? கேள்விப் பெட்டியின், அதாவது விலைமனு உறைகளைப் போடும் பெட்டியின், வேலை. மட்டக்களப்பு வழங்குநர் ஒருவர் ஓர் உறையைப் பெட்டியில் போடுவதற்காக இரவு ரயிலேறிக் கொழும்புக்கு வரத் தேவையில்லை. படிக்கட்டில் யாரும் மறிக்க முடியாது. நேரம் முடிந்தபின் வந்த உறை முன்திகதியோடு உள்ளே போகாது. திறக்கும் வேளைவரை விலை எவர் கண்ணுக்கும் படாது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் கள்ளம் பெட்டிக்குள் மட்டும் நடப்பதில்லை. விவரக்குறிப்பு எழுதும் மேசையிலேயே ஒரு கம்பனியின் பொருளுக்கு அளவெடுத்து எழுதிவிட்டால், அறிவித்தலை உலகம் முழுவதும் இணையத்தில் பார்த்தும் பயன் இல்லை. அதைவிட இலகுவான வழி ‘அவசரம்’ என்று சொல்லிப் போட்டி இல்லாமல் வாங்குவது. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரம் வெளிவந்தது. போலி ஆவணங்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானார். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் விடயம். என் கேள்வி வேறு: போட்டி இல்லாமல் வாங்கும் அவசரக் கொள்வனவு, யார் கேட்டார், யார் அனுமதித்தார், எந்தக் காரணத்தால் என்ற விவரத்தோடு அதே தளத்தில் ஏறாவிட்டால், தளம் எதைக் காவல் காக்கிறது?

பங்களாதேஷைப் பாருங்கள். 2011 ஜூனில் அவர்கள் மின் பெறுகையைத் தொடங்கினார்கள். வீதி, நீர் அபிவிருத்தி, கிராமிய மின்சாரம், உள்ளூராட்சிப் பொறியியல் என நான்கு நிறுவனங்களோடு ஆரம்பித்து நாடெங்கும் பரப்பினார்கள். உறையைப் பறிக்கும் அடியாட்களின் தொழில் படுத்தது. பின்னர் இன்னொரு சிக்கல் முளைத்தது. கட்டுமான வேலைகளில் மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் குறைத்துக் கேட்கக்கூடாது என்று விதி இருந்தது. மதிப்பீடு எப்படியோ கசியும். எல்லோரும் சரியாக அந்த 10 வீதத்திலேயே வந்து நிற்பார்கள். சமநிலை வந்தால் முன்பு அதிக வேலை செய்தவருக்குப் புள்ளி. ஆகவே பெரியவர் மேலும் பெரியவரானார். கணினி ஒரு பிழையும் விடவில்லை. கொடுத்த விதியை அப்படியே நிறைவேற்றியது. எங்கள் மென்பொருள் பொறியியலாளர்களைவிட விதி எழுதுபவர்களை இன்று நான் கூடுதலாகக் கேள்வி கேட்கப்போவது இதனால்தான்.

சிறு வழங்குநரைப் பற்றியும் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் இரண்டு இயந்திரம் வைத்து அச்சகம் நடத்துபவருக்கு அரசாங்கப் படிவம் அச்சடிக்கத் திறமை உண்டு. ஆனால் தளத்தில் பதிவு, வங்கிப் பிணை, ஆங்கிலத்தில் பத்துப் பக்க நிபந்தனை, 50 இலட்சம் ரூபாய் தாண்டினால் 1987 ஆம் ஆண்டு அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின்கீழ் கம்பனிப் பதிவாளரிடம் இன்னொரு பதிவு. இதெல்லாம் பார்த்து அவர் “எங்களுக்கேன் இந்தக் கரைச்சல்?” என்று கலியாண அட்டைக்கே திரும்பிவிடுகிறார். காகிதத்தில் இருந்த சுமையை அப்படியே திரையில் ஏற்றுவது சீர்திருத்தம் ஆகாது. தமிழிலும் சிங்களத்திலும் நிபந்தனைகள் முழுமையாக வரவேண்டும்; தலைப்பை மட்டும் மொழிபெயர்த்து விட்டால் போதாது.

அறிவித்தலுக்கு முன்னால் விவரக்குறிப்பும், ஒப்பந்தத்துக்குப் பின்னால் விலை மாற்றமும் மேலதிக வேலையும் கொடுப்பனவும் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். திணைக்களத் தலைவர்கள் சிலருக்கு இது கசக்கும் என்று தெரியும். ஆயினும் கணக்காய்வாளர் மூன்று ஆண்டு கழித்து எழுதும் குறிப்பைவிட, தோற்ற வழங்குநர் மறுநாளே பார்க்கும் பதிவு வேகமாக வேலை செய்யும்.

நிகழ்ச்சி நிரலில் அவசரக் கொள்வனவு பற்றிய அமர்வைப் பிற்பகல் கடைசியில் வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் இருக்கமாட்டீர்கள். தலைவர் என்ற உரிமையில் அதை முதலாவதாக மாற்றியிருக்கிறேன். கட்டுரை வாசிப்பவர்கள் மேடைக்கு வரலாம்.