இரண்டு பெட்டிகளுக்கு நடுவே



ஜொகூரிலிருந்தோ குளுவாங்கிலிருந்தோ ரயிலேறி, சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கி, தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வண்டி புறப்படும்போது முதலில் காதில் விழுவது என்ன? விசில் என்பார்கள். அதற்கு அடுத்தது? இஞ்சின் பக்கத்திலிருந்து ‘தடக், தடக், தடக்’ என்று ஒரு சத்தம் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி வரும். நம் பெட்டியை அது எட்டும்போது உடம்பு ஒரு தரம் குலுங்கும். மடியில் இருக்கும் தூக்குச்சட்டியை இறுகப் பிடித்துக்கொள்வோம். பிறகுதான் பெட்டி நகரும்.

அந்தச் சத்தம் பிறக்கின்ற இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இரண்டு பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இரும்பு அது. ரயில்காரர்கள் கப்ளிங் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் வெறுமனே கொக்கி என்றே சொல்லுவோம். பயணம் செய்பவர்கள் யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் அதன் வடிவம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே எத்தனையோ தொழிலாளிகளின் விரலும் உயிரும் தங்கியிருந்தன, இன்னமும் தங்கியிருக்கின்றன.

சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903ஆம் ஆண்டில். முதல் நிலையம் தேங்க் ரோட்டில் இருந்தது. தைப்பூசக் காவடிகள் போய்ச் சேருகிற தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறதே, அந்தச் சாலைதான். அங்கிருந்து புக்கித் தீமா வழியாக உட்லண்ட்ஸ் கரை வரைக்கும் பாதை. அதற்கு அப்பால் கடல். ஜொகூர்ப் பக்கத்துப் பாதை 1909இல் முழுமையானது. ஆனால் நடுவே பாலம் இல்லை. ஆகவே சரக்கு வண்டிகளைக் கழற்றி, தண்டவாளம் பதித்த மிதவைகளில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, மறுபடியும் கோக்க வேண்டியிருந்தது. தோட்டங்களிலிருந்து துறைமுகத்துக்கு ரயிலில் வந்த ரப்பருக்கும் இதே பாடுதான். 1923இல் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகே இந்தக் கோத்தலும் கழற்றலும் குறைந்தன.

குறைந்ததே ஒழிய, நின்றுவிடவில்லை. 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் பாதையின் கடைசி முனை. முன்னால் இழுத்து வந்த இஞ்சின் அங்கே முட்டுக்கட்டையைப் பார்த்து நிற்கும். திரும்பிப் போக வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிக்கொண்டு போய் மறுமுனையில் கோக்க வேண்டும். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்படுகிற வரையில் இது நடந்தது. அந்தக் கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் ஓட்டிச் சென்றதை எல்லாரும் பேசினார்கள். அதற்கு முன் எழுபத்தொன்பது ஆண்டுகளாக, பயணிகள் இறங்கிப் போன பின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து வேலை செய்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

சரி, இந்தக் கொக்கி என்னென்ன வேலை செய்ய வேண்டும்? பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ‘கூ... சிக்குபுக்கு’ என்று ரயில் விளையாட்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பிள்ளை இழுத்தால் எல்லாரும் ஓடுகிறார்கள். முதல் பிள்ளை சட்டென்று நின்றால் என்ன ஆகிறது? பின்னால் வருபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். சட்டைத் துணி இழுவையைத் தாங்கும், மோதலைத் தாங்காது. ரயிலுக்கு இரண்டையும் தாங்க வேண்டும். அதோடு வளைவில் பெட்டிகள் திரும்ப இடம் விட வேண்டும். மேடு பள்ளத்தில் ஒரு பெட்டி சற்று ஏறி இறங்கினாலும் கழன்றுவிடக் கூடாது. இஞ்சினுக்கு அடுத்த முதல் கொக்கி, பின்னால் இருக்கும் அத்தனை பெட்டிகளின் இழுவையையும் தான் ஒருவனாகத் தாங்க வேண்டும்.

ஐரோப்பியர்கள் முதலில் இதற்குக் கண்ட வழி, ஒரு வேலைக்கு ஓர் உறுப்பு என்பது. இழுப்பதற்கு நடுவில் கொக்கியும் சங்கிலியும். மோதலைத் தாங்குவதற்கு இரு பக்கமும் வில் வைத்த இரும்புக் குடைகள். இவற்றைப் பஃபர் என்பார்கள். பிறகு சங்கிலிக்குப் பதில் திருகு வந்தது. கோத்தபின் திருகை முறுக்கினால் பெட்டிகள் நெருங்கி, பஃபர்கள் ஒட்டிக்கொள்ளும், குலுக்கல் குறையும். இந்தியாவின் அகலப்பாதையில் பயணிகள் பெட்டிகளுக்கு நீண்ட காலம் இதுதான் வழக்கம். சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் கட்டிய பழைய வகைப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். இரு பெட்டிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய திருகு நினைவிருக்கும்.

பயணிகளுக்கு நல்ல ஏற்பாடுதான். கோக்கிறவனுக்கு? அவன் பஃபர்களுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைய வேண்டும். கனத்த வளையத்தைத் தூக்கி எதிர்க் கொக்கியில் மாட்ட வேண்டும். திருகை முறுக்க வேண்டும். மழையானாலும் இருட்டானாலும் அப்படியே. இஞ்சின் ஓட்டுபவர் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓர் அடி பின்னால் வந்தாலும் போதும்.

அமெரிக்காவில் நிலைமை இதைவிட மோசம். அங்கே பஃபர் கிடையாது. ஒரு நீள வளையமும் ஒரு முளையும்தான். ஒரு வண்டியின் வாயில் வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் வண்டி உருண்டு வரும்போது, நடுவே நிற்கிற ஆள் அந்த வளையத்தைக் கையால் தூக்கிச் சரியாக எதிர் வாய்க்குள் செலுத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, முளையைச் செருக வேண்டும். கையை எடுக்கத் தாமதித்தால் விரல் போய்விடும். வேலை தேடி வருகிறவனின் கையில் இரண்டு விரல் குறைந்திருந்தால் ‘அனுபவசாலி’ என்று எடுத்துக்கொள்வார்கள் என்று அந்த நாட்டில் சொல்வதுண்டு. 1889 ஜூன் வரையிலான ஓராண்டில் மட்டும் அமெரிக்க ரயில்வேத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர்; ஏறக்குறைய 20,000 பேர் காயமுற்றனர். காயமுற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் வண்டி கோக்கும்போது அடிபட்டவர்கள்.

இதற்கு மாற்று கண்டவர் ஈலை ஜானி என்பவர். அவர் இஞ்சினியர் அல்லர்; கடையில் எழுத்து வேலை பார்த்தவர். சும்மா இருக்கும் நேரத்தில் பேனாக் கத்தியால் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி ஒரு வடிவத்தைக் கொண்டு வந்தார். 1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த வடிவத்தை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி, ஒரு கையின் விரல்களை மறு கையின் விரல்களில் மாட்டி இழுங்கள். கழன்று வருகிறதா? வராது. அதுதான் ஜானியின் கொக்கி. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் இப்படி மடங்கிய இரும்பு விரல் ஒன்று, முளையில் கதவுபோல் திரும்பும்படி பொருத்தியிருக்கிறது. விரல் திறந்திருக்கும்போது எதிர்ப் பெட்டி வந்து இடித்தால், அந்த இடியிலேயே விரல் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். மடங்கியவுடன், மேலே காத்திருக்கும் ஓர் இரும்புக் கட்டை தன் எடையால் பின்னால் விழுந்து, விரலைத் திறக்கவிடாமல் அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான், கோத்தாகிவிட்டது. கழற்ற வேண்டுமானால் பெட்டியின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் நெம்புகோலைத் தூக்கினால் கட்டை மேலே ஏறும், விரல் விடுபடும். கொக்கியைப் பிடிக்க ஆள் உள்ளே போக வேண்டியதில்லை.

இந்த விரல் சுமார் 35 கிலோ எடை இருக்கும். அளவுக்கு மீறிய இழுப்பு வந்தால் முதலில் இதுவே உடைய வேண்டும் என்று வேண்டுமென்றே பலவீனமாகச் செய்கிறார்கள். விரல் உடைந்தால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். பின்னால் உள்ள பெரிய தண்டு உடைந்தால் பெட்டியையே ஒதுக்க வேண்டியிருக்கும். தஞ்சோங் பகாருக்குக் கடைசி ஆண்டுகளில் வந்துபோன மலாயா ரயில் இஞ்சின்களின் முகத்தில் நாங்கள் பார்த்ததும் இந்த விரல் கொக்கியைத்தான்.

நல்ல கருவி கிடைத்துவிட்டது, உடனே எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கொக்கி மாற்றப் பணம் வேண்டும். ஆள் மாற்றப் பணம் வேண்டாம். கம்பெனிகள் கணக்குப் பார்த்தன. அயோவா மாநிலத்தில் லாரன்சோ காஃபின் என்றொரு விவசாயி. 1874இல் அவர் கண்ணெதிரே, வண்டி கோத்த ஒரு தொழிலாளியின் இரண்டு விரல்கள் நசுங்கின. அன்று முதல் அவர் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார், கடிதம் எழுதினார், மனுப் போட்டார். கடைசியில் 1893இல் சட்டம் வந்தது: இடித்தால் தானாகக் கோத்துக்கொள்ள வேண்டும், ஆள் நடுவே போகாமல் கழற்றவும் முடிய வேண்டும். அப்போதும் கம்பெனிகளுக்கு அவகாசம் தேவைப்பட்டது. 1900இல்தான் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. காப்புரிமை பெற்று இருபத்தேழு ஆண்டுகள்!

ஜப்பானியர் செய்த காரியம் வேறு மாதிரி. பாதிப் பெட்டிக்குப் பழைய கொக்கி, பாதிப் பெட்டிக்குப் புதியது என்றிருந்தால் ஒன்றோடொன்று சேராதல்லவா? ஆகவே பல ஆண்டுகள் தயாரித்து, புதிய கொக்கிகளை முன்கூட்டியே ஒவ்வொரு வண்டியின் அடியிலும் தொங்கவிட்டு வைத்தார்கள். 1925 ஜூலை 17ஆம் தேதி அவர்களது பெரிய தீவில் ரயில்களை நிறுத்தி, ஒரே நாளில் எல்லாச் சரக்கு வண்டிகளுக்கும் மாற்றி முடித்தார்கள். ஐரோப்பாவோ இன்னும் தன் சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றைத் திருகுக் கொக்கியால்தான் கோத்துக்கொண்டிருக்கிறது. பணக்கார நாடுகள் எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளும் என்பது உண்மையல்ல.

இப்போது அந்தத் ‘தடக்’ சத்தத்துக்கு வருவோம். இரண்டு இரும்பு விரல்கள் மாட்டிக்கொள்ளும்போது இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும். இஞ்சின் நகரும்போது முதல் பெட்டியின் இடைவெளி இழுபட்டு, அது நகர்ந்த பின்பே இரண்டாவது, பிறகு மூன்றாவது. நீண்ட சரக்கு ரயிலை ஒரே இழுப்பில் அசைக்க முடியாத இஞ்சின்கூட, இப்படி ஒவ்வொன்றாக அசைத்துவிடும். அந்த இடி பெட்டியைச் சிதைக்காமல் இருக்கக் கொக்கிக்குப் பின்னால் மெத்தை போன்ற அமைப்பு உண்டு. சிலவற்றில் எஃகு வில்கள். பலவற்றில் ரப்பர்ப் பட்டைகளை இரும்புத் தகடுகளோடு மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜானியின் கொக்கியிலும் ஒரு குறை உண்டு. அது இரும்பை மட்டுமே கோக்கும். பிரேக்குக்கான காற்றுக்குழாயையும் மின்கம்பியையும் ஆள்தான் போய் மாட்ட வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே போகும் வேலை முற்றிலும் ஒழியவில்லை. 2024 நவம்பரில், பீகார் மாநிலம் பரௌனி சந்திப்பில், இஞ்சினையும் பெட்டியையும் பிரிக்கும் வேலையில் இருந்த ரயில்வே ஊழியர் ஒருவர் இரண்டுக்கும் நடுவே நசுங்கி மாண்டார்.

அந்தக் குறையைத் தீர்க்க ஜெர்மானியரான கார்ல் ஷார்ஃபென்பெர்க் 1903 வாக்கில் வேறொரு வகை கண்டார். அதே ஆண்டுதான் தேங்க் ரோட்டில் ரயில் புறப்பட்டது. இவர் கொக்கியின் முகத்தில் ஒரு பக்கம் கூம்பு, மறுபக்கம் குழி. எதிர் முகத்தில் கூம்பு குழிக்குள் போகும். உள்ளே ஒவ்வொன்றிலும் சுழலும் தட்டு ஒன்றும், அதிலிருந்து நீளும் வளையம் ஒன்றும். இவனுடைய வளையம் அவனுடைய தட்டின் பள்ளத்திலும், அவனுடைய வளையம் இவனுடைய பள்ளத்திலும் விழுந்து, வில் இழுத்துப் பூட்டும். இழுவை இரண்டு வளையங்களுக்கும் சமமாகப் பங்காகும். இடைவெளி இல்லாததால் சத்தமும் இல்லை. முகங்கள் ஒட்டியே நிற்பதால் காற்றுக்குழாயும் மின்இணைப்பும் கூடவே சேர்ந்துகொள்ளும்படி செய்ய முடிகிறது. உலகின் பல நகர ரயில்களில் இவ்வகை இணைப்பிகள் உண்டு.

அடுத்த முறை சிராங்கூன் சாலைக்கு வரும்போது லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 2003 ஜூன் 20ஆம் தேதி திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதை அது. ஆறு பெட்டிகள், ஓட்டுநர் இல்லை. பெட்டியிலிருந்து பெட்டிக்கு நடந்தே போகலாம். உங்கள் காலடியில்தான் கொக்கி இருக்கிறது. நடுப்பெட்டிகளின் இணைப்புகளைப் பணிமனையில் மட்டுமே பிரிப்பார்கள். தானாகப் பிணையும் இணைப்பி வண்டியின் இரு முனைகளில் இருக்கிறது. வழியில் ஒரு வண்டி பழுதாகி நின்றால், மற்றொரு வண்டி வந்து இணைந்து அதைத் தள்ளிக்கொண்டு போவதற்காக.

கடைசியாகத் தோட்டத்துக்கு வருவோம். செம்பனை ஆலையில் குலைகளை ஏற்றி ஆவிக்கலத்துக்குள் அனுப்பும் தொட்டி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் இரண்டரை டன் குலை கொள்ளும், பெரியவையும் உண்டு. அவற்றைக் கோப்பது பெரும்பாலும் வெறும் கொக்கி அல்லது முளை. அதாவது அமெரிக்கர்கள் 1893இல் தடை செய்த அதே வேலை. தொட்டி தண்டவாளத்தில் சத்தமில்லாமல் உருளும். இஞ்சினைப்போல் விசில் கொடுக்காது. எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆலையில் ஓர் இளைஞரின் பெருவிரல் அப்படித்தான் போயிற்று. அதற்குப் பிறகு அங்கிருந்த ஃபிட்டர் ஐயா ஒருவர் நாலடி நீளக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து, மறுமுனையில் பழைய ரப்பர்க் குழாயைப் பிடியாக மாட்டினார். தண்டவாளத்துக்கு வெளியே நின்றுகொண்டு, அந்தக் கம்பியால் கொக்கியைத் தூக்கி மாட்டலாம், கழற்றவும் செய்யலாம். தொட்டியின் இரு சக்கரங்களுக்கும் முதலில் கட்டை வைத்துவிட்டுத்தான் கம்பியை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். கம்பியையும் கட்டைகளையும் ஒரே ஆணியில் சேர்த்தே மாட்டியிருந்தார், ஒன்றை எடுக்கிறவன் மற்றதையும் எடுக்கட்டும் என்று.