கால்பந்துக் களத்தில் ஒரு கடலூர்ப் பெண்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் போற்றுவதற்கென்று கூடியுள்ள இவ்வவையில் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச நான் எழுந்து நிற்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். அதுவும் பெண் பிள்ளையின் விளையாட்டு என்றால், பூப்பெய்தும் நாளோடு அது முடிந்துவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அச்சட்டத்தை இன்று நாம் சற்றே எடுத்து ஆராய வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

பெண்கள் பந்தை உதைக்கலாகாது என்று சொன்னவர்கள் நாம் மட்டும் அல்லர். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டம் ஒன்றைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, இவ்விளையாட்டு மகளிருக்குப் பொருந்தாது என்று கூறி, ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அந்தத் தடை அகலப் பொன்விழாக் காலம் பிடித்தது. நம் புதுவையை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சு நாட்டிலும் 1941இல் விஷி அரசு மகளிர் கால்பந்தைத் தடை செய்தது. அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு மகளிர் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது 1970இல்தான். எனவே, “பெண்ணுக்கு ஆகாது” என்பது இயற்கையின் தீர்ப்பு அன்று. மனிதர் இட்ட வேலி. மனிதர் இட்ட வேலியை மனிதர் அகற்ற முடியும்.

இனி, நமக்கு மிக அண்மையில் வாழும் ஒருவரைச் சொல்கிறேன். நம் பெரிய மார்க்கெட்டிலிருந்து புறப்பட்டால், தெற்கே பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடலூர் வந்துவிடும். அவ்வூரில் 1994ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிறந்தவர் இந்துமதி கதிரேசன். இந்திய மகளிர் அணியில் நடுக்கள வீராங்கனையாக ஆடியவர். நடுக்களத்தில் ஆடுவோருக்குக் கோல் போடும் புகழ் குறைவு, உழைப்போ மிகுதி. தற்காப்பு வரிசையிடமிருந்து பந்தைப் பெற்று, எதிரியின் நெருக்கடிக்கு நடுவே தலை நிமிர்ந்து பார்த்து, முன்வரிசைக்கு வழி அமைத்துக் கொடுக்க வேண்டும். ஆட்டம் நடைபெறும் தொண்ணூறு நிமிடமும் ஓடிக்கொண்டே சிந்திக்க வேண்டும். கால்பந்து அறிவுக்குப் பகை என்போர், நடுக்களத்தில் ஆடும் ஒருவரை ஒரு மாலைப் பொழுது பார்த்தாலே போதும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரியில், கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், தமிழ்நாடு அணி 2-1 என்ற கணக்கில் மணிப்பூரை வென்றது. பல்லாண்டுகளாகப் பட்டத்தைத் தன் உடைமைபோல் வைத்திருந்த மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாக வாகை சூடிய நாள் அது. அவ்வணியில் இந்துமதி ஆடினார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அதன் அரையிறுதியில் இந்தியா வங்காள தேசத்தை 4-0 என வென்றபோது, இரண்டு கோல்கள் இந்துமதியுடையவை. அதே ஆண்டு மே மாதம், மதுரையின் சேது கால்பந்துக் கழகம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கைப்பற்றிற்று. அக்கழகத்துக்காகவும் அவர் ஆடினார். 2023இல் அதே பட்டத்தை வென்ற கோகுலம் கேரளா அணியில், இந்துமதியோடு சந்தியா ரங்கநாதனும் இருந்தார். அவரும் கடலூர்க்காரரே.

ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர் எப்படி எழுந்தார்கள்? கடலூர் மண்ணுக்குத் தனி மந்திரம் எதுவும் கிடையாது. அங்கே பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு இருந்தது. 2017-18ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீகில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்று, கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதமி. அப்பெயரை நன்கு கவனியுங்கள். விளையாட்டும் கல்வியும் ஒரே பெயர்ப்பலகையில் நிற்கின்றன.

இந்துமதியின் வாழ்வில் நான் மிகவும் போற்றுவது கோப்பைகளை அன்று. அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் நாடே வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது, இந்திய அணியின் இவ்வீராங்கனை காக்கி உடையணிந்து சென்னைத் தெருக்களில் காவல் பணி புரிந்தார். தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளர் பணியில் நேரடியாகச் சேரப் பட்டப்படிப்பு வேண்டும். பந்து ஒருவரை அந்தப் பணியின் வாயில்வரை அழைத்துச் செல்லலாம். கதவைத் திறக்கும் சாவி பட்டமே. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்தால், எத்தனை கோல் போட்டிருந்தாலும் அக்கதவு திறந்திராது.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், கால்பந்து தரும் ஊதியம் சிறிது; அது தரும் காலமும் சிறிது. மகளிர் லீகில் ஆடும் கழகம் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3,20,000 ரூபாயேனும் கொடுக்க வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்ததே 2023ஆம் ஆண்டில்தான். மாதக் கணக்கில் இருபத்தேழாயிரத்துக்கும் குறைவு. முழங்கால் தசைநார் ஒருமுறை அறுந்தால் அதுவும் நிற்கும். காயமே படாவிட்டாலும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் களத்தில் நிற்பவர் மிகச் சிலர். ஆகவே, பந்தை மட்டும் நம்பு என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லமாட்டேன். பந்தை விட்டுவிடு என்றும் சொல்லமாட்டேன். இரண்டு காலாலும் ஆடப் பழகுவது போல, இவ்விரண்டையும் சேர்த்துப் பழகு என்பேன்.

தாய்மார்களே! பெரிய மார்க்கெட்டில் கூடை வைத்து விற்பவர்களும், மூட்டை சுமப்பவர்களும், துப்புரவுப் பணி செய்பவர்களும் நம் குடும்பத்தார். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறீர்கள். விளக்கு வைத்த பிறகே திரும்புகிறீர்கள். மாலையில் பள்ளி விட்டு வரும் மகனுக்குத் தெரு காத்திருக்கிறது. மகளுக்கோ குடமும், அடுப்பும், தம்பி தங்கைகளும் காத்திருக்கின்றன. பயிற்சி நடைபெறுவது அதே ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில்தான். நம் பெண்களிடம் திறமை இல்லை என்போர் அறியாதார். இல்லாதது அந்த இரண்டு மணி நேரம். பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரை அதனை அவளுக்குக் கொடுத்தால், களமும் அவளுடையதாகும். வீட்டுப் பாடத்துக்கு உட்காரும் உறுதியும் அவளுடையதாகும்.

இந்துமதி எந்தக் குலத்தில் பிறந்தார் என்பது இவ்வுரைக்குத் தேவையில்லை. ஆனால், நம் குலத்தில் பிறந்தவர் களமிறங்கினால் என்ன நேரும் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பல்வங்கர் பாலூ என்ற தாழ்த்தப்பட்ட இனத்து வீரர், 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அத்தகையவருக்குப் பூனாவில் தேநீர் தனிக் குவளையில் கொடுக்கப்பட்டது. அணித்தலைமை கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அது பழங்கதை என்பீர்களானால், 2021ஐப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா தோற்றவுடன், ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர். குடும்பத்தார் அஞ்சி ஒடுங்கவில்லை, காவல் நிலையம் சென்று புகார் கொடுத்தனர், கைதும் நடந்தது. வந்தனாவும் ஆடுவதை நிறுத்தவில்லை. 2025இல் ஓய்வு பெறும்போது, இந்தியாவுக்காக 320 ஆட்டங்கள் ஆடி, வேறெந்த இந்திய ஹாக்கிப் பெண்ணும் எட்டாத எண்ணிக்கையை எட்டியிருந்தார். இழிசொல் வரும், வந்தால் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. அதற்கு அஞ்சி மகளை வீட்டில் நிறுத்திவைப்பது, இழிசொல் சொன்னவனுக்கு நாமே வெற்றியை எடுத்துக் கொடுப்பதாகும்.

இச்சங்கத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மாலை வகுப்பு நடத்துவது போலவே, வாரத்தில் நான்கு நாட்கள் பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் அச்சமின்றி அனுப்பும்படி, களத்தில் பொறுப்பான ஒரு பெண்மணி உடனிருக்கட்டும். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்கு ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி சுண்டலும் கொடுங்கள். வெறும் வயிறு ஓடாது. காலணி வாங்க இயலாதவருக்கு வாங்கிக் கொடுங்கள். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பெறும் சான்றிதழ்களைப் படியெடுத்துச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கேட்கும் நாளில், மழையில் நனைந்துபோன ஒரு காகிதத்துக்காக ஒரு பெண்ணின் எதிர்காலம் நின்றுவிடக்கூடாது.

இளம்பெண்களே! உங்களில் எல்லாரும் இந்துமதி ஆகமாட்டீர்கள். இந்திய அணியின் சட்டை மிகச் சிலருக்கே கிடைக்கும். ஆயினும், நான்காண்டுகள் ஒழுங்காக ஓடி ஆடிய பெண் எவளும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. தோற்றபின் மறுநாளும் வந்து நிற்கும் திடம் அவளிடம் இருக்கும். பத்துப் பேர் நடுவில் குரல் உயர்த்திப் பந்தைக் கேட்கும் துணிவு இருக்கும். தேர்வறையிலும், நேர்காணலிலும், அலுவலகத்திலும் நம் பெண்களுக்கு வேண்டியது அதுவே.

இச்சங்கம் தன் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பெண்களின் காலடியில் ஒரு பந்தையும் வைக்கட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!