கலத்தின் பெயரும் கடலோடியின் பெயரும்



செய்யூருக்குத் தெற்கே, கடப்பாக்கத்துக் கழியோரத்தில், ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். இவ்வளவும் நூல்களில் உண்டு. அத்துறையில் கலமேறிய தமிழன் யார், அவன் கலத்தின் பெயர் யாது என்று கேட்டால் அந்நூல்கள் வாய்திறவா. அப்பெயர்கள் எங்கே போயின? ஈழத்துக் கலம் ஒன்றன் கதை விடை கூறும்.

வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்பமரங்கொண்டு 89 அடி நீளத்தில் தமிழ்த் தச்சர் ஒரு பாய்க்கலம் கட்டினர். அன்னபூரணி என்பது பெயர். (கட்டிய கை தமிழ்க்கை; இட்ட பெயரோ வடசொல்! அந்நோய் கடலிலும் பரவியிருந்தது.) சிறுபடகில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட்டு இராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார், தம் மனைவி பெயரால் 'புளோரன்சு சி. இராபின்சன்' என மாற்றினார். 1937இல் புறப்பட்ட கலம் 1938 ஆகசுட்டில் மாசாச்சுசெட்சு மாநிலத்துக் குளோசுட்டர்த் துறையை அடைந்தது. அதனில் சென்றவர் தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும்.

அம்மாலுமிகளுள் ஒருவரின் பேரன் தன் பாட்டனைத் தேடுகின்றான் என்று கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிவேட்டில் 'அன்னபூரணி' என்று தேடினால் என்ன அகப்படும்? புதுப்பெயர் தெரிந்தாலன்றிக் கலம் வெளிப்படாது. கலம் வெளிப்பட்டாலும், ஆட்பெயர் அயலெழுத்தில், எழுதுவோன் செவியில் விழுந்தவாறு சிதைந்திருக்கும். 'தம்பிப்பிள்ளை' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதலாம், எண்ணிப் பாருங்கள்! வல்வை மக்கள் இரு பெயரையும் இணைத்தே நினைவில் வைத்திருந்தனர். அதனால் பாட்டன் பெயர் பிழைத்தது.

நியூசிலாந்தில் வேறொரு சான்று. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் சமயத் தொண்டர், மவோரிப் பெண்டிர் உருளைக்கிழங்கு வேகவைத்த ஓர் உடைந்த வெண்கல மணியைக் கண்டார். அது கப்பல் மணி. முகைதீன் பக்சு என்பாரின் கப்பலுக்குரியது என்று அதன்மேல் தமிழில் பொறித்துள்ளது. ஊர் இல்லை, ஆண்டும் இல்லை. வெல்லிங்டன் அருங்காட்சியகத்தில் அது இன்றும் உள்ளது. உடையவர் இசுலாமியர், கப்பலின் மொழி தமிழ். அவ்வொரு வரியும் இல்லையேல் அது வெறும் கிழங்குச் சட்டி!

ஏன், பக்கத்துப் புதுச்சேரியையே பாருங்கள். ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 'ஆனந்தப்புரவி' என்னும் கலத்துக்கும் உடையவர் அவர். அவர் நடையில் அயற்சொல் மிகுதி. ஆயினும் தமிழில் எழுதினாரே! 1846இல் அக்குறிப்பு வெளிப்பட்டது அரசுக் காப்பகத்திலிருந்தா? அவர் வழியினர் வீட்டிலிருந்து.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்து ஏடுகள் அடுக்கடுக்காக உள்ளன. அங்குச் செல்லுமுன் வீட்டுப் பரணைப் பாருங்கள். கடன்முறி, உப்புக் கணக்கு, தண்டையல் எழுதிய துண்டுச்சீட்டு, எதையும் எரிக்காதீர்கள். கலத்தின் பழம்பெயர் யாது, எத்துறையில் கைமாறியது, கைமாறியபின் என்ன பெயர் பெற்றது என்று முதியோரைக் கேளுங்கள். அவர் சொன்னவாறே, தமிழிலேயே, நாளிட்டு எழுதி வையுங்கள்.